உள்ளத்தை ஆராயும் கல்வி



உளவியலில் முதுமாணிப் பட்டம் பெற விழையும் இளம் ஆசிரியர்கள் கேட்கும் வினா ஒன்றுண்டு. பாடநெறியைக் கற்றுப் பெறும் பட்டம் போதுமா, ஆராய்ச்சியும் வேண்டுமா என்பதே அது.

இலங்கைத் தகைமைச் சட்டகம் இவ்விரண்டையும் வேறு பிரித்தே வைத்துள்ளது. பாடநெறியால் மட்டும் பெறும் முதுமாணி 9ஆம் மட்டம். ஆராய்ச்சியும் சேர்ந்தது 10ஆம் மட்டம். முழுதும் ஆராய்ச்சியான முதுதத்துவமாணி 11ஆம் மட்டம். முன்னதில் பிறர் கண்ட விடைகளைக் கற்கிறோம். ஆராய்ச்சியிலோ, விடை காணப்படாத வினா ஒன்றைத் தேர்ந்து, அதற்கு விடை தேடும் நெறியைப் பயில்கிறோம்.

நம் மட்டக்களப்பு வாவிக் கரைக்கு இந்நெறி ஏன் வேண்டும்? 1879இல் வில்ஹெல்ம் வூண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுகூடம் நிறுவிய காலந்தொட்டு, மனத்தை அளக்கும் கருவிகள் பெரும்பாலும் மேனாட்டிலேயே உருவாயின. நாமோ நெடிய போரையும், 2004 டிசம்பர் 26இல் கல்லடியையும் நாவலடியையும் சூறையாடிய கடற்கோளையும் கண்டவர்கள். அயலார் வகுத்த வினாக்கொத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நம் துயரை அளந்துவிட முடியுமா?

‘யோசனை’ என்பது ஏட்டில் சிந்தனை. நம் ஊர்த் தாயொருத்தி “ஒரே யோசனை” என்றால், அது உறக்கத்தைப் பறித்த கவலை. “நெஞ்சு கனக்குது” என்பவள் இதய நோயைக் கூறவில்லை. அளவுகோல் பிழைத்தால், துன்புறுவோர் நலமுடையோராகக் கணக்கிடப்படுவர். உதவி அவர்களை அடையாது. வாய் திறவாத மாணவன் மந்தன் எனப் பெயர் பெறுவான்.

ஆகவே ஆராய்ச்சி மாணவர், தமிழாக்கிய வினாக்களை வேறொருவர் வாயிலாக மீண்டும் மூலமொழிக்குப் பெயர்ப்பித்து ஒப்பிடுவார். ஊரவர் சிலரிடம் முன்னோட்டம் பார்ப்பார். புள்ளிவிவரவியலால் அதன் நம்பகத்தைச் சோதிப்பார். இழப்புற்றவரிடம் வினவுமுன் அவரது இசைவைப் பெறுவார். அவர் மறுப்பின் விலகுவார்.

இவ்வுழைப்பு வீண்போகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் வடு தனிமனிதரோடு நில்லாது குடும்பத்தையும் ஊரையுமே சிதைப்பதை 2007இல் ஆய்வுரையாக எழுதினார். நம்மவரிடையே வாழ்ந்து கேட்டவருக்கே அது புலனாயிற்று.

ஒன்றை மறவற்க. ஆராய்ச்சிப் பட்டம் நோய் தீர்க்கும் உரிமையைத் தராது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பதவி உயர்வு ஒன்றே நோக்கமாயின் பாடநெறி போதும். நம் மக்களின் துயரைப் பற்றி விடை காணாத வினாவொன்று உங்கள் உள்ளத்தை உறுத்துமாயின், ஆராய்ச்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.