சாப்பிட மறுக்கும் பிள்ளையும் எங்கள் பயமும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எங்கள் அக்காவின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த ஆண்டில் மெலியத் தொடங்கினாள். விடுபட்ட நோன்புகளைக் கழாச் செய்வதாகச் சொன்னாள், நம்பினோம். வாரங்கள் கடந்தும் அந்த நோன்பு முடியவில்லை. ஒருநாள் வகுப்பில் மயங்கி விழுந்தாள். வீட்டிலே வைத்தியர் இருந்தும் அன்றுதான் விழித்துக்கொண்டோம். கலேவெலையில் கேட்டவர்களுக்கு 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்றோம்.

எங்கள் பயம் கோபமாக வெளிவந்தது. அக்கா கெஞ்சினார், மச்சான் அதட்டினார், நாங்கள் பக்கத்தில் இருந்து கவளங்களை எண்ணினோம். "சாச்சி, நீங்க பார்த்துக்கொண்டிருந்தா எனக்கு விழுங்க ஏலா" என்று அழுதாள்.

பயப்படக் காரணம் இருந்தது. அனொரெக்ஸியா என்னும் இந்நோய் உயிரையும் பறிக்கும். அமெரிக்கப் பாடகி கரன் கார்ப்பென்டர் 1983இல், 32 வயதில், இதன் பாதிப்பால் இதயம் செயலிழந்து இறந்தார்.

ஆனால் இது பிடிவாதமன்று. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், ஆரோக்கியமான 36 இளைஞர்கள் ஆய்வுக்காகத் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். அவர்களுக்கும் ஓயாத உணவு நினைப்பு, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் வந்தன. பட்டினியே மனதை மாற்றிவிடுகிறது.

இதை உணர்ந்தபின் பயத்தை இரண்டாகப் பிரித்தோம். நிறை, நாடி, இரத்தத்தில் பொட்டாசியம் ஆகியவற்றைக் கிளினிக்கிடம் ஒப்படைத்தோம். எப்போது, எவ்வளவு உணவு என்பதை வைத்தியருடன் சேர்ந்து பெற்றோர் முடிவு செய்தார்கள். வீட்டில் எங்கள் வேலை, அவளுடன் அமர்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டு வேறு கதை பேசுவது. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் வளர்ந்த சிகிச்சை முறையும் பெற்றோரைக் குற்றம் சாட்டாமல் பங்காளிகளாக்கியது.

மயக்கம், மிக மெதுவான நாடி, நெஞ்சுப் படபடப்பு கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். மிக மெலிந்த பிள்ளைக்குத் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்து. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதைப் பிள்ளைக்கு அன்பாகச் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

அவள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். சில நாட்களில் தட்டு இன்னும் பாதியில் நிற்கிறது. எங்களுக்குப் பயம் போய்விடவில்லை. ஆனால் சத்தம் போடுவதில்லை.

மகளின் தட்டைப் பார்த்துப் பயப்படும் தாய் ஒருவர் இங்கே இருந்தால், வேறு நோயின் பெயர் சொல்லி மறைக்க வேண்டாம். நாங்கள் மறைத்து இழந்தது காலத்தைத்தான்.