பத்துப் பேர் போதும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நம் சங்கத்தினர் வழிகாட்டிகளாகப் போகலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. "நூறு பேர் பெயர் கொடுத்தா ஜமாய்ச்சிடலாம்" என்றார் செயலாளர் அண்ணன். எனக்கு நூறு பேர் வேண்டாம். பத்துப் பேர் போதும்.

2021 முதல், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த வழியாக வந்த தம்பி தங்கைகள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறீர்கள். ஆனால் வீட்டில் யாரும் கல்லூரிப் படி ஏறாத ஒரு எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கவுன்சலிங் என்ற சொல்லே மிரட்சிதான். அவனுக்கு நாம் வழக்கமாகச் செய்வது என்ன? ஒரு நாள் போய் புரொஜக்டர் போட்டுப் பேசி, பொன்னாடை வாங்கி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

நான் சொல்வது வேறு. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். வாரம் ஒரு மணி நேரம், பள்ளிக்குள்ளேயே. இதைப் பல காலம் செய்து, பலனை அளந்தும் பார்த்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 1904-இல் நியூயார்க் சிறார் நீதிமன்ற எழுத்தர் எர்னஸ்ட் கௌல்ட்டர், வழக்கில் சிக்கிய பையன்களுக்கு ஆளுக்கொரு பெரியவர் துணை கேட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பு. அதன் பள்ளித் திட்டத்தை 71 பள்ளிகளில் 1,139 பிள்ளைகளிடம் சோதித்து 2007-இல் அறிக்கை வந்தது. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே துணை. மீதிப் பேர் காத்திருந்தார்கள். ஆண்டு முடிவில், துணை கிடைத்தவர்களின் வகுப்பு வேலை மேம்பட்டிருந்தது. சந்தோஷம்தானே? அடுத்த ஆண்டு பார்த்தால் பெரும்பகுதி பலன் கரைந்துவிட்டது. கோடை விடுமுறை போனதும் பல பெரியவர்கள் திரும்பி வரவே இல்லை.

அதே அமைப்பின் பள்ளிக்கு வெளியே நடந்த திட்டத்தைப் பற்றி 2002-இல் வந்த ஆய்வு இன்னும் கறாரானது. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்த இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. அதாவது, அந்தப் பெரியவர்கள் போகாமலே இருந்திருக்கலாம்!

நான் வேலை பார்க்கும் ஊரில் ஒரு பள்ளிக்கு இரண்டு வருடமாகப் போய்வருகிறேன். என் பையன் முதல் மாதம் "ஆமா சார், இல்ல சார்" தவிர வாய் திறக்கவில்லை. அப்புறம் பேச்செல்லாம் சைக்கிள்தான். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் கேரம் ஆடும்போது, "சார், ஐ.டி.ஐ.யும் இன்ஜினியரிங்கும் ஒண்ணா?" என்றான். நான் இரண்டாவது மாதமே நின்றிருந்தால் அதை யாரிடம் கேட்டிருப்பான்?

ஆகவே பெயர் கொடுப்பவர்கள் இரண்டு கல்வியாண்டுக்குக் கொடுங்கள். எட்டாம் வகுப்பில் தொடங்கலாம்; ஒன்பது முடியும்வரை பொதுத்தேர்வுத் தொல்லை இல்லை. சந்திப்பு ஆசிரியர் பார்வையில் இருக்க வேண்டும், பெற்றோர் சம்மதமும் வேண்டும். போன் நம்பர் வாங்குவது, வெளியே கூட்டிப்போவது கூடவே கூடாது. பிள்ளையை வகுப்பாசிரியரே சொல்லட்டும். நம்மிடம் விட்டால் முதல் ரேங்க் மாணவனைத்தான் பிடிப்போம்! டியூஷனும் எடுக்காதீர்கள்.

துபாய், பெங்களூரு நண்பர்கள் கோபிக்கக் கூடாது. வருகிறவர்களின் பஸ் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி தங்கைகளில் இரண்டாம் ஆண்டுக்காரர்கள் வாங்க. இறுதியாண்டுக்காரர்கள் வேண்டாம், கேம்பஸ் இன்டர்வியூ வந்தால் பறந்துவிடுவீர்கள்.

பதிவு மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் எந்தக் கிழமை, எந்தப் பீரியட் என்று எழுத வேண்டும். கிழமை எழுதாத பெயரைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோக மாட்டேன்.