தடயத்துக்குக் காவல் யார்?

(மும்பையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்த மாதம் தடய அறிவியலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "அது போலீசாருக்கும் வக்கீல்களுக்கும் உரிய சங்கதி, நமக்கென்ன?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்தவன் மீது சந்தேகம் விழுவது எளிது. அவனுக்கு ஜாமீன் நிற்க ஆள் கிடைப்பது அரிது. கோர்ட்டில் பேசும் மொழியும் அவனுக்குப் புரிவதில்லை. அப்படிப்பட்டவனை மீட்கவோ மாட்டவைக்கவோ வல்லது, இரத்தக் கறையும் கைரேகையும் செல்போனும் சொல்லும் சாட்சி. அந்தச் சாட்சியைப் பரிசோதிப்பவர் யார், அது யாருடைய காவலில் இருக்கிறது என்று கேட்பது நமது கடமை.

இந்தக் கலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. விஷ மரணங்களை ஆராய 1849-லேயே சென்னை மாகாணத்தில் இரசாயனப் பரிசோதகர் கூடம் ஏற்பட்டது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் தொடங்கியது. அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள் உழைத்து உருவாக்கிய வகைப்பாட்டு முறைக்கு ஹென்றி என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் நிலைத்துவிட்டது. ஆக, இந்த அறிவியல் பிறந்த நாளிலிருந்தே ஆட்சியாளரின் கையில்தான் வளர்ந்தது. இன்றும் மத்தியத் தடய அறிவியல் கூடங்களை நடத்தும் இயக்குநரகம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது; தமிழ்நாட்டின் தடய அறிவியல் துறையும் மாநில உள்துறையின் கீழேதான். அங்கே பணிபுரியும் விஞ்ஞானிகளை நாம் குறை கூறவில்லை. வழக்குத் தொடுப்பவரும் பரிசோதிப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஏற்பாட்டைத்தான் குறை கூறுகிறோம். போதாததற்கு, அரசு நிபுணரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாகக் கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

இதன் விளைவு என்ன? பாதிரியார் ஸ்டான் சாமியை எண்ணிப் பாருங்கள். திருச்சி வட்டாரத்து விரகாலூரில் 1937-இல் பிறந்தவர். ஜார்க்கண்டுக்குச் சென்று ஆதிவாசி மக்களின் நில உரிமைக்காகப் பல்லாண்டு பாடுபட்டவர். பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், பார்கின்சன் நோயுடன் கைதானார். உறிஞ்சு குழல் உள்ள குவளைக்குக்கூடக் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. தலோஜா சிறையிலிருந்து நம் பாந்திரா மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்டு, 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே இறந்தார். அவருக்கு எதிராகக் காட்டப்பட்டவற்றில் முக்கியமானவை, அவருடைய கம்ப்யூட்டரில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தனியார் தடய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரின் வட்டுப் பிரதியைப் பிரதிவாதித் தரப்பின் வேண்டுகோளின்படி அது ஆராய்ந்தது. 2014 அக்டோபர் முதல் 2019 ஜூன் வரை யாரோ வெளியிலிருந்து அந்த இயந்திரத்துக்குள் ஊடுருவி இருந்தார்கள், 40-க்கும் மேற்பட்ட கோப்புகளை வைத்தார்கள், அவற்றைப் பாதிரியார் திறந்து பார்த்ததற்கு அடையாளமே இல்லை என்று 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. போலீசார் கம்ப்யூட்டரைக் கைப்பற்றியது 2019 ஜூன் 12. அதற்கு முந்தைய நாள் ஊடுருவியவர் தம் சுவடுகளை அழிக்க முயன்றார் என்றும் அது கூறியது. ஊடுருவியவர் இன்னார் என்று அந்த அறிக்கை பெயர் சொல்லவில்லை. ரோனா வில்சனின் கம்ப்யூட்டர் குறித்தும் இதே நிறுவனம் 2021 பிப்ரவரியில் இதுபோன்ற அறிக்கை தந்திருந்தது. தேசியப் புலனாய்வு முகமை இம்முடிவுகளை ஏற்கவில்லை. குற்றப்பத்திரிகையில் இல்லாத ஆவணம் என்று ஆட்சேபித்தது. எது சரி என்று தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். ஆனால் சாமியைப் பற்றிய அறிக்கை வந்தபோது அவர் இறந்து 17 மாதங்கள் கடந்திருந்தன. இந்தக் கொடுமையை எந்தத் தீர்ப்பு ஈடுகட்டும்?

இந்த ஆய்வு நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். நல்ல ஆய்வாளர் மூல வட்டைத் தொடுவதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒத்த பிரதியை எடுத்து, அதில்தான் வேலை செய்வார். வட்டில் உள்ள அனைத்தையும் கணக்கிட்டு 'ஹாஷ்' எண் என்று ஒன்றைப் பெறுவார்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பழைய காலத்து அரக்கு முத்திரை போன்றது அது. கைப்பற்றிய இடத்திலேயே அந்த எண்ணைக் குறித்துத் தந்துவிட்டால், பிறகு யாரும் கை வைக்கவில்லை என்று நிரூபிக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: முத்திரை வைப்பதற்கு முன்பே உள்ளே புகுந்த பொருளை முத்திரை காட்டிக் கொடுக்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான் சுதந்திரமான நிபுணர் வேண்டும்.

கம்ப்யூட்டர் வழக்கோடு இது நிற்கவில்லை. டெல்லி சாவ்லா வழக்கில், 2012 பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27-ஆம் தேதி வரை போலீஸ் மால்கானாவில் கிடந்தன. தூக்குத் தண்டனை பெற்றிருந்த மூவரை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் விடுவித்தபோது இதையும் ஒரு குறையாகச் சுட்டியது. தேனி மாவட்டத்துச் சுருளி அருவி இரட்டைக் கொலை 2011-இல் நடந்தது. அதில் மரண தண்டனை பெற்ற தமிழர் ஒருவரை 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் விடுவித்தது; டி.என்.ஏ. மாதிரிகள் கைமாறிய வழிக்குச் சரியான கணக்கு இல்லை என்பது ஒரு காரணம். இந்த வழக்குகளில் செத்தவர்களின் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? தடயத்தைக் கெடுத்தால் நிரபராதி சிறையில் வாடுகிறான், குற்றவாளியோ தப்பிவிடுகிறான். ஆகவே சுதந்திரப் பரிசோதனை கேட்பது குற்றவாளிக்குப் பரிந்து பேசுவதாகாது.

சுருளி வழக்கிலேயே நீதிமன்றம் நாடு முழுமைக்கும் கட்டளையிட்டது: மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் கூடத்துக்குப் போக வேண்டும், கோர்ட்டின் அனுமதியின்றிப் பொட்டலத்தைத் திறக்கக் கூடாது, கைமாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவேடு வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசமும் தந்திருக்கிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கேரளத்து வழக்கொன்றில் 2019-இல், மின்னணு ஆவணத்தின் பிரதி பொதுவாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரியது என்றும், அந்தரங்கம் காக்க வேண்டிய இடத்தில் பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. ஏட்டில் இவ்வளவும் உண்டு. ஏழைக்கு இவற்றைக் கேட்டு வாங்கித் தர ஆள் இல்லை.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். பரிசோதனைக் கூடங்களை உள்துறையின் பிடியிலிருந்து பிரித்துத் தன்னாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். இலவசச் சட்ட உதவியில் வக்கீலோடு நிபுணரின் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். மின்னணுச் சாதனம் எதைக் கைப்பற்றினாலும், ஹாஷ் எண்ணை அந்த இடத்திலேயே எழுத்தில் தர வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை நம்மால் ஆவதையும் செய்வோம். செல்போனையோ வேறு பொருளையோ போலீசார் எடுத்தால், பஞ்சநாமாவின் — ஊரில் நாம் மகஜர் என்போமே, அதன் — நகலைக் கேளுங்கள். போனின் ஐ.எம்.இ.ஐ. எண் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ எடுத்தார்களா என்று கேளுங்கள். புரியாத மொழியில் எழுதிய தாளில், படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்திடாதீர்கள். உடனே சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். வக்கீலை அழைத்து வருவது நம் பொறுப்பு.

ஸ்டான் சாமிக்கு உதவ உலகத்தின் மறுகோடியில் ஒரு நிபுணர் குழு கிடைத்தது. தாராவியில் தோல் பதனிடும் தொழிலாளிக்கு அப்படி யார் கிடைப்பார்? அந்தத் தொழிலாளிக்கும் அந்த உரிமை கிடைக்கும் வரை நாம் ஓயக்கூடாது.