மழைப்படமும் நாமும்



ஆனித் திங்கள் பிறந்ததும், டில்லியில் குடியேறி வாழும் நாம் அனைவரும் மழையின் வரவை எதிர்நோக்கி நிற்கின்றோம். அந்நாட்களில் நம் நாட்டுப் படத்தை நீலமும் பச்சையும் சிவப்பும் தீட்டிச் செய்தித்தாள்கள் வெளியிடுகின்றன. அவ்வண்ணங்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

1875 இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறை, 1901 முதல் 2010 வரை நாள்தோறும் பெய்த மழையின் அளவுகளை 6,955 மழைமானி நிலையங்களின் குறிப்புகளினின்று திரட்டியது. நாடு முழுவதையும் கால் பாகைக் கட்டங்களாகப் பகுத்துக்கொண்டது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். சுற்றியுள்ள நிலையங்களுள் அருகிலிருப்பதற்கு மிகுந்த மதிப்பும், தொலைவிலிருப்பதற்குக் குறைந்த மதிப்பும் தந்து, கட்டந்தோறும் மழையைக் கணித்தது. மலைபோற் குவிந்த எண்கள் இவ்வாறே படமாயின.

ஆதலின், மழைமானியே இல்லாத சிற்றூருக்கும் படத்தில் ஒரு நிறம் உண்டு. அஃது அவ்வூர் வானம் தந்த நிறமன்று. அயலூர் தந்த கடன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒருபுறம் மழை கொட்ட, மறுபுறம் மண் காய்ந்து கிடப்பதை நாம் அறிவோம். அத்தகைய இடத்தில் கடன் வாங்கிய நிறம் எத்துணை பொருந்தும்?

இனி, வண்ணங்களின் வரம்பைக் காண்போம். ஒரு மாவட்டத்தில் மழை 19 சதவீதம் குறைந்தால் அது 'இயல்பு', பச்சை. 20 சதவீதம் குறைந்தால் 'பற்றாக்குறை', சிவப்பு. இரண்டிற்கும் இடையே ஒரு சதவீதமே வேற்றுமை. வறட்சியை அறிவிப்பதற்கு மழைக்கணக்கும் ஓர் ஆதாரமாதலின், இந்நிறம் உழவன் வீட்டு அடுப்பு வரை சென்று எட்டுகின்றது.

இடத்தைப் போன்றே காலமும் இன்றியமையாதது. ஆடி, ஆவணியில் டில்லியை நனைப்பது தென்மேற்குப் பருவமழை. தமிழ்நாட்டிற்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கிட்டுகின்றது. செப்டம்பரோடு முடியும் படத்தை மட்டும் கண்டு நம் ஊரை வறண்டதென்பார், பாதிக் கணக்கையே படித்தவராவார்.

'இயல்பு' என்பதும் என்றும் மாறாததன்று. 1901 முதல் 1940 வரையிலான குறிப்புகளைக் கொண்டு வகுத்த பருவமழை நாட்களை, 1961 முதல் 2019 வரையிலான குறிப்புகளைக் கொண்டு 2020 இல் திருத்தினர். டில்லிக்கு மழை வரும் நாள் ஜூன் 29 இலிருந்து ஜூன் 27 ஆயிற்று. கேரளத்திற்குரிய ஜூன் 1 மாறவில்லை.

அன்பர்களே! வண்ணப்படம் கைக்கு வந்தவுடன் மூன்று வினாக்களை எழுப்புமாறு நம் மக்களுக்குக் கற்பிப்போமாக: எங்கே அளந்தனர்? எக்காலத்து அளவு? எதனோடு ஒப்பிட்டனர்? இம்மூன்றிற்கும் விடை தரும் படமே நம்பத்தக்கது என்று கூறி அமைகின்றோம்.