புனலூர்த் தொங்குபாலம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மெட்ரிகுலேஷன் வரையே படித்த இரயில்வே குமாஸ்தா நான். மேடைப் பழக்கம் இல்லாதவன். ஆயினும், சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு புனலூர் சென்று கண்டதைக் கூறுமாறு செயலாளர் பணித்தார். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

பாறசாலையில் இரயிலேறிக் கொல்லம் அடைந்து, செங்கோட்டைப் பாதையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் புனலூர் வரும். அங்கே கல்லடையாற்றின் இரு கரைகளையும் இணைக்கிறது தொங்குபாலம். ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆட்சியில், ஆல்பர்ட் ஹென்றி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் அமைத்த அப்பாலம் 1877-ஆம் ஆண்டு நிறைவெய்தியது. நீளம் ஏறத்தாழ 400 அடி. பாலம் முடிந்ததும் யானைகளை அதன்மேல் நடத்திவிட்டு, பொறியாளர் தம் குடும்பத்தோடு கீழே தோணியில் இருந்தார் என்று ஊரார் இன்றும் சொல்லுகின்றனர்.

கரைக்கொன்றாகக் கருங்கல் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் வழியாகச் செல்லும் இரும்புச் சங்கிலிகளில் பலகைத் தளம் தொங்குகிறது. நடப்பவர் பாரத்தைத் தளம் சங்கிலிக்குக் கொடுக்கிறது. சங்கிலியோ இரு கரைகளிலும் நிலத்துள் இறுகப் பிணிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கரையின் பிணைப்புத் தளர்ந்தாலும் பாலம் நில்லாது.

ஒரு காலத்தில் மாட்டு வண்டிகளும் மோட்டார்களும் இதன்மேல் சென்றன. இன்று இது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், நடந்தே கடக்கலாம். 1904-இல் மலையூடே இரயில் வந்தது. 1956-இல் மாநில எல்லைகள் மாறிச் செங்கோட்டையின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அகலப்பாதைப் பணிக்காகப் புனலூருக்கு அப்பால் நின்றிருந்த இரயிலும் 2018-இல் மீண்டும் ஓடலாயிற்று. கும்பிச்சல் கடவில் தோணிக்குக் காத்துநின்ற அம்பூரி மக்களுக்கு, இரு கரைகள் இணைவதன் அருமையை நான் சொல்ல வேண்டுவதில்லை.

என் கொள்ளுப்பாட்டனார் செங்கோட்டையிலிருந்து அவ்வழியே வண்டியோட்டியவர். பாலத்தில் நின்று இதை என் மகனிடம் கூறினேன். வீடு திரும்பியதும் அவருடைய பழைய கணக்கேட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். சற்றுநேரம் புரட்டிப் பார்த்தவன், "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, அப்பா! நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்றான். எனக்கு நாணமாய்ப் போயிற்று. குற்றம் அவனுடையதன்று. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்கிறான், நன்றாகக் கற்கட்டும். சங்கத்திற்கு ஆண்டுதோறும் சந்தா கட்டிய நான், வீட்டில் அவனுக்கு ஓர் உயிரெழுத்தையேனும் கற்பித்தேனில்லை.

பெரு நாட்டில் கெஸ்வாசாக்கா என்னும் கயிற்றுப் பாலம் உண்டு. அது புல்லைத் திரித்துக் கட்டியது. நான்கு ஊர் மக்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடி, பழையதை நீக்கிப் புதிதாகப் பின்னுகின்றனர். அம்மரபை 2013-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஓராண்டு சோம்பியிருந்தால் அப்பாலம் நலியும். மொழியும் அத்தகையதே; ஒவ்வொரு தலைமுறையும் கைவைத்துப் பின்னினாலன்றி அது நிலைபெறாது.

அன்று முதல் இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் மகனுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் கணக்கேட்டில் ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படித்தான்: "புனலூர். மழை. ஒரு நாள் தாமதம்." படித்தவன், "ஏன் அப்பா, பாலத்திலேயே நின்றுவிட்டாரா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அக்கேள்வி பிறந்ததே எனக்குப் போதும்.

பெரியோர்களே! நாம் வாழும் கரை மலையாளம். வந்த கரை தமிழ். இரண்டிலும் சங்கிலி இறுகியிருக்கட்டும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இம்மன்றத்தில் தமிழ் வகுப்பு நடத்த வேண்டுகிறேன். கற்பிக்க முதலில் நான் வருகிறேன். உங்கள் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.