வாழும் ஊரின் விளைச்சல்

(நம் சங்கத்தின் புனே கிளையில் பொங்கலை ஒட்டி நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் ராமாயணமும் நாராயணீயமும் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று அரிசி, காய்கறி பற்றிப் பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். இதைச் சில்லறை விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். தைத்திரீய உபநிஷத்தின் பிருகுவல்லி அன்னத்தைப் பெருக்குவதையே ஒரு விரதமாக விதித்திருக்கிறது. தவிரவும், நான் மாவள் தாலுகாவில் ஒரு வங்கியின் கிராமக் கிளையில் பயிர்க்கடன் பிரிவில் பல வருஷங்கள் உத்தியோகம் பார்த்தவன். நெல் போடுகிறவரின் கஷ்ட நஷ்டங்களை மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் உங்களிடம் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஊரை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆனாலும் நம்மவர்கள் சாப்பாட்டை மட்டும் விட்டதில்லை. ஊருக்குப் போய் வந்தால் பெட்டியில் பாதி இடம் மாவடு, சுண்டைக்காய் வற்றல், அப்பளம், நல்லெண்ணெய் இவற்றுக்குத்தான். அரிசி என்றால் பொன்னிதான் வேண்டும். ராஸ்தா பேட்டையில் நம் கடைகள் இத்தனை காலம் நிலைத்ததே இந்தப் பிடிவாதத்தால்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி. நம் சமையல் என்பது அந்தச் சாமான்களா, அல்லது சமைக்கும் முறையா?

நம் பாட்டிமார்கள் காய்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று நாட்டுக்காய், மற்றது இங்கிலீஷ் காய். கோஸ், காலிஃப்ளவர், பீன்ஸ், காரட், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் இரண்டாவது வகை. வாழைக்காய், அவரை, புடலை, பாகல், சேனை, சேம்பு முதலியவை முதல் வகை. சிராத்தத்துக்கு இன்றுவரை முதல் வகைதான் இலையில் விழும். எது சேரும், எது சேராது என்பது வீட்டுக்கு வீடு சிறிது மாறும். ஆனால் பின்னால் வந்த காய்கள் சேராது என்பதில் எல்லோரும் ஒன்று. பித்ரு காரியத்தின் பெயரால் நாம் காப்பாற்றி வருவது ஒரு பழைய உள்ளூர் விளைச்சல் பட்டியலைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது புனேயைப் பாருங்கள். மஹாளய பட்சத்தில் எந்தக் காய்கறிக்காரியிடம் வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். கூடையில் கார்லே, கவார், பேண்டி, லால் போப்ளா, அளூ இலை. அதாவது பாகல், கொத்தவரை, வெண்டை, பரங்கி, சேம்பு இலை. மராட்டியக் குடும்பங்கள் தங்கள் பித்ருக்களுக்கு வைப்பது இவைதான். நாம் தேடுவதில் பாதி அங்கேயே இருக்கிறது. பெயர் தெரியாததால்தான் நாம் அதைத் தாண்டிக்கொண்டு 'நம்ம கடை'க்குப் போகிறோம். புடலைக்குப் பட்வள், முருங்கைக்குச் ஷேவ்கா, வெண்பூசணிக்குக் கோஹளா என்று இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டாலே போதும்.

இன்னொரு ஒற்றுமை. பொங்கலுக்கு முதல் நாள் நாம் போகி கொண்டாடுகிறோம். இவர்களும் அன்று போகி என்றே சொல்கிறார்கள். அன்று அவர்கள் வீட்டில் 'போகீசி பாஜி' செய்வார்கள். பச்சைக் கொண்டைக்கடலை, அவரை ஜாதிக் காய்கள், கத்திரிக்காய், காரட் என்று அந்தப் பருவத்தில் வயலில் எது உண்டோ அத்தனையும் எள்ளுப்பொடியோடு சேர்த்து, கம்பு ரொட்டியுடன் சாப்பிடுவார்கள். மறுநாள் நம் வீட்டில் பொங்கலோடு பல காய்கள் போட்ட கூட்டு. திருவாதிரைக் களிக்குத் தாளகம் என்கிறோமே, அதே கதைதான். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் இவர்கள் செய்யும் ரிஷி பஞ்சமி பாஜி இன்னும் அழகு. மாடு பூட்டி உழுத நிலத்தில் விளைந்தது எதுவும் அதில் சேராது. மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றி முளைத்ததையும், கையால் கொத்திப் பயிரிட்டதையும் வைத்துத்தான் அந்தக் கறி. உழைத்த மாட்டுக்கு ஒரு நாள் மரியாதை. நாம் மாட்டுப் பொங்கலில் செய்வதை அவர்கள் கறியில் செய்கிறார்கள்.

அரிசிக்கு வருகிறேன். மேற்கே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போனால் முள்ஷி, மாவள் வட்டாரங்கள். நல்ல மழை பெய்யும் நெல் பூமி. அங்கே விளைவதுதான் ஆம்பேமோஹர். பெயருக்கு அர்த்தம் மாம்பூ. உலை கொதிக்கும்போது மாம்பூ வாசனை வரும் என்பதால் அந்தப் பெயர். சின்ன மணி, குழைவாக வரும். இந்த ஊரில் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் கஞ்சி வைப்பது இதில்தான். இந்த அரிசிக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதன் வாரிசான இந்திராயணி, வட்காவ் மாவள் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1987-ல் வெளிவந்த ரகம். ஆம்பேமோஹர் பயிர் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும், மகசூலும் குறைவு. அதனால் பெரும்பாலோர் இந்திராயணிக்கு மாறிவிட்டார்கள்.

புளியோதரைக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் இது சரிப்படாது என்று மாமிகள் சொல்வது நியாயம். உதிரியாக வேண்டுமானால் கோலம் அரிசி இருக்கிறது. ஆனால் தயிர்சாதம், வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், பால் பாயசம் இவற்றுக்கு ஆம்பேமோஹரை ஒரு தடவை வைத்துப் பாருங்கள். அக்காரவடிசல் வைத்தால் நெய் குறைவாகப் போட்டாலும் தெரியாது. பொங்கல் என்றால் புத்தரிசி வேண்டும் அல்லவா? முள்ஷியில் அறுவடை அக்டோபர், நவம்பரில். தை பிறக்கும்போது நிஜமான புத்தரிசி நம் வாசலுக்கு இரண்டு மணி நேர தூரத்தில் இருக்கிறது. வெல்லத்துக்குக் கோல்ஹாபூர், கரும்புக்கு இந்த ஜில்லாவே போதும்.

ருசிக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அந்த வயல்கள் எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் என் கவலை. முள்ஷி விவசாயிகள் நிலத்துக்காகப் போராடுவது புதிதல்ல. மின்சாரத்துக்காக அணை கட்டியபோது, 1921-ல் ராம நவமி அன்று சேனாபதி பாபட் தலைமையில் அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அணை வந்தது. பள்ளத்தாக்கின் நெல் வயல்கள் பல நீருக்குள் போயின. மிஞ்சிய நிலத்துக்கு இன்று வந்திருப்பது வேறு வெள்ளம். ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் வயல். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கேதான் சம்பாதிக்கிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கும் அப்பால், ஏரியைப் பார்த்த பங்களாக்களுக்கென்று வயல்கள் விலை போய்க்கொண்டிருக்கின்றன. விற்கிறவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நெல்லில் மிஞ்சினால் அவர் ஏன் விற்கிறார்?

கடன் கணக்குகளில் நான் கண்டது இதுதான். ஜூனில் கடன் வாங்குவார்கள். மார்ச் இறுதிக்குள் கட்ட வேண்டும். அறுவடை ஆன உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் நெல்லை விற்பார்கள். அப்போதுதான் விலை மிகவும் கீழே இருக்கும். ஆறு மாதம் வைத்திருந்து விற்றால் லாபம் என்று அவர்களுக்கும் தெரியும். வைத்திருக்கத்தான் வசதி இல்லை. காய்கறியின் கதை இன்னும் மோசம், அது இரண்டு நாள்கூடக் காத்திருக்காது. ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றின்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதி வழியில் தங்கிவிடுகிறது. வழியில் இருப்பவர்களுக்கும் லாரி வாடகை, கழிவு, கூலி எல்லாம் உண்டு. ஆனாலும் வழி குறுகினால் இந்தக் கணக்கு மாறும்.

வழியைக் குறுக்குவது இன்று சாத்தியம். 2016-ல் மகாராஷ்டிர அரசு பழம், காய்கறிகளை மார்க்கெட் கமிட்டி யார்டுக்கு வெளியேயும் தடையின்றி விற்கலாம் என்று ஆக்கியது. இப்போது புனேயில் பல பேட்டைகளில் ஷேத்கரி ஆட்வடே பஜார், அதாவது உழவர் வாரச்சந்தை கூடுகிறது. 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் வந்த திருத்தத்தால் விவசாயிகளே சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனி அமைத்து ரசீதோடு விற்க முடிகிறது.

செயற்குழுவிடம் மூன்று யோசனைகளை எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறேன். முதலாவது, நம் ராம நவமி உற்சவ சமாராதனைக்கு வேண்டிய அரிசியை முள்ஷி அல்லது மாவள் விவசாயக் குழு ஒன்றிடம் நேரடியாக வாங்குவது. இரண்டாவது, விருப்பமுள்ள குடும்பங்கள் பெயர் கொடுத்தால் டிசம்பரில் வருஷ அரிசியை ஒன்றாக வாங்கிப் பிரித்துக்கொள்வது. கையில் பணம் தேவைப்படும் சமயத்தில் அவருக்குப் பணம் கிடைக்கும். பழைய அரிசிதான் வேண்டும் என்பவர்கள் அந்த மூட்டையை வெயில் காலம்வரை வைத்துப் பழையதாக்கிக்கொள்ளலாம். இப்படி வாங்கினால் அரிசியும் அசலாக இருக்கும். வேறு மாநிலத்துச் சிறுமணி அரிசிகளை ஆம்பேமோஹர் என்று விற்பதும் கடைகளில் உண்டு. மூன்றாவது, மாதம் ஒரு ஞாயிறு நம் ஹாலின் முற்றத்தைச் சாஸ்வட் பக்கத்து விவசாயிகளுக்கு வாடகை இல்லாமல் கொடுப்பது. புரந்தர் அத்திப்பழமும் சீதாப்பழமும் அந்தந்தப் பருவத்தில் நம் வாசலுக்கே வரும்.

இந்த உரை பத்திரிகையில் வந்தால் படிக்கப்போகும் மற்ற ஊர் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஆம்பேமோஹர் இருக்கிறது. மும்பைக்காரர்களுக்கு வாடா கோலம். அது 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. கொல்கத்தாவில் இருப்பவர்கள் கோவிந்தபோக் அரிசியில் பாயசம் வைத்தால் வேறு அரிசியைத் தொட மாட்டார்கள். பெங்களூரில் 1959-ல் தொடங்கிய ஹாப்காம்ஸ் கடைகளும், மார்கழிக் குளிரில் மாகடிப் பக்கத்திலிருந்து வரும் அவரைக்கொட்டையும் உண்டு. ஹைதராபாதில் ரைத்து பஜார் 1999 ஜனவரியிலேயே வந்துவிட்டது. அதே வருஷம் நவம்பரில்தான் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். விசாரித்தால் எந்த ஊரிலும் ஏதாவது ஒன்று அகப்படும்.

இதில் கண்மூடித்தனமும் வேண்டாம். உள்ளூர்ச் சரக்குதான் என்று விரதம் எடுத்தால் ரசத்துக்குப் பெருங்காயம் கிடைக்காது. அது காலம் காலமாக ஆப்கானிஸ்தானத்திலிருந்து வருகிறது. நம் நாட்டில் ஹிமாசலத்தின் லாஹௌலில் 2020-ல்தான் முதன்முதலாகப் பயிரிட ஆரம்பித்தார்கள். காபிக்குச் சிக்கமகளூரும் குடகும்தான் கதி. நேரடியாக வாங்கினால் எப்போதும் விலை மலிவாக இருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சில சமயம் இரண்டு ரூபாய் கூடவே ஆகும். அந்த இரண்டு ரூபாய் யாருக்குப் போகிறது என்பது தெரிந்திருக்கும். மாவடுவை ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். தினப்படி சாதத்தையும் கறியையும் இந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இந்த ஊர் நமக்கு வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது, நம் குழந்தைகளைப் படிக்க வைத்தது. அதன் வயல்களுக்கு நாம் நல்ல வாடிக்கைக்காரர்களாக இருப்பது நியாயமான பிரதி உபகாரம். இரண்டாவது யோசனைக்கான பெயர்ப் பட்டியல் வாசலில் செயலாளரிடம் இருக்கிறது. சாப்பிட்டுக் கிளம்பும்போது எத்தனை கிலோ வேண்டும் என்று எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.