விழுந்துவிடுவோம் என்ற பயமும் கால்களுக்கான பயிற்சியும்



குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டி, அதை வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை. தொடையில் கன்றிப்போன இடத்தைச் சேலைக்குள் மறைத்துக்கொள்கிறார். மகளுக்குத் தெரிந்தால், "இனிமேல் தனியாக எங்கும் போகாதீங்கம்மா" என்று சொல்லிவிடுவாள். சந்தைக்கும் கோயிலுக்கும் போவது அன்றோடு நின்றுவிடும். பல வீடுகளில் இது நடக்கிறது.

அந்தத் தாயின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் அன்பினால்தான் அவரை உட்கார வைக்கிறார்கள். ஆனால் உட்கார்ந்தே இருக்கும் உடம்பில் தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த கால் மேலும் தடுமாறுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைவதால், சிறிய விழுதல்கூட இடுப்பெலும்பை முறித்துவிடக்கூடும்.

உடல் சாயாமல் நிற்பதற்குக் கண், உட்செவி, பாதத்தின் உணர்வு ஆகிய மூன்றும் மூளைக்கு இடைவிடாமல் செய்தி அனுப்புகின்றன. மூளை இட்ட கட்டளையைக் கால் தசைகள் நொடிப்பொழுதில் நிறைவேற்ற வேண்டும். நீண்டநாள் நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கு ஒரு வழி அடைபட்டுவிடுகிறது. அவர் கண்ணை நம்பியே நிற்கிறார். இருட்டில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது அதுவும் உதவுவதில்லை.

எண்பது வயதுக்கு மேல் பயிற்சியா என்று சிரிப்பவர்கள் உண்டு. நியூசிலாந்தின் டனீடன் நகரில் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்குப் பதில் சொல்கிறது. அதில் சேர்ந்த 233 பேரும் 80 வயதைத் தாண்டிய பெண்கள். பாதிப் பேருக்கு வீட்டிலேயே செய்யும் எளிய பயிற்சி கற்றுக்கொடுக்கப்பட்டது. பயிற்சியாளர் முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறை வீட்டுக்கு வந்து போனார், அவ்வளவுதான். ஓராண்டு முடிவில் பயிற்சி செய்யாத பிரிவில் 152 முறை விழுதல் நேர்ந்திருந்தது. பயிற்சி செய்தவர்களிடையே 88 முறைதான்.

பயிற்சிகள் கடினமானவை அல்ல. உறுதியான நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, மெல்ல உட்கார வேண்டும். தொடக்கத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் மற்றப் பாதத்தின் விரல் படும்படி நேர்கோட்டில் நிற்கலாம். அது பழகியபின் ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கலாம். இரு கையால் பிடித்தவர் ஒரு கைக்கு வரட்டும், பிறகு விரல்நுனி மட்டும் தொட்டிருக்கட்டும். சிரமம் சற்றே கூடிக்கொண்டு போனால்தான் பலன் கிடைக்கும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் உடம்பு கற்றுக்கொள்வதில்லை.

காலையில் பூங்காவில் நடப்பதே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நடை இதயத்துக்கு நல்லது. தடுமாற்றத்துக்கு அது மட்டும் போதாது. சமநிலையைச் சோதிக்கும் அசைவு தனியாக வேண்டும். மெதுவாக எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும் தைச்சி, அதே காரணத்தால்தான் உதவுகிறது. உலகெங்கும் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2019இல் வெளிவந்தது. உடற்பயிற்சி முதியோர் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அது கூறுகிறது.

எழும்போது தலை சுற்றினால், இரத்த அழுத்த மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ மருத்துவரிடம் காட்டி ஆலோசனை கேட்ட பிறகே தொடங்க வேண்டும். அண்மையில் விழுந்தவரும், எலும்பு முறிந்தவரும் இயன்மருத்துவரிடம் கற்றுக்கொள்வது நல்லது. நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். காலுறை மட்டும் அணிந்து மொசைக் தரையில் நிற்கக் கூடாது. சக்கரம் வைத்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்வது, விழுவதற்கே ஏற்பாடு செய்வதுபோல.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் போதும். முதல் சில வாரங்களில் பெரிய மாற்றம் தெரியாது. அந்த நாள்களில் மகளோ மருமகளோ பக்கத்தில் நிற்கட்டும். பிடித்துத் தூக்குவதற்காக அல்ல. அம்மா எத்தனை விநாடி நின்றார் என்று எண்ணிச் சொல்வதற்காக.